தவறில்லாத இதழும் தாண்டிப்போன வெள்ளிக்கிழமையும்

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுமாகவே வருஷங்கள் ஓடிவிட்டன. வில்லியனூர் மாதாவிடம் நேர்ந்துகொண்டவள் நான். என் மகளுக்கு ஊருக்குள்ளேயே ஒரு வேலை அமைத்துக் கொடு தாயே, நடந்ததை நடந்தபடி எழுதி நாலு பேர் கையில் கொடுக்கிறேன் என்று குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு சொன்னேன். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். என் பங்குதான் நின்றுபோனது.

பயம் காரணமில்லை. சங்கடம். சாட்சி எழுதுகிறவர்கள் கண்ணீரோடு எழுதுவார்கள். நான் பேனாவை எடுத்தால் கொஞ்சம் கோபம் வருகிறது, நிறைய சிரிப்பு வருகிறது. இதில் வருகிறவர்கள் எல்லாரும் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து என் கையால் காபி குடித்தவர்கள். அவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் போன மாதம் எதிர்வீட்டுப் பெண், தானும் என் மகள் படித்த படிப்பைப் படிக்கப்போவதாகவும் அவள் இருந்த அதே வட்டத்தில் சேர்ந்துவிட்டதாகவும் சந்தோஷமாக வந்து சொன்னாள். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

நாங்கள் முதலியார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எட்டாவதோடு நின்றவள். ஒரே மகள். இங்கிலீஷ் பி.ஏ. படித்தாள். பிரான்ஸ் குடியுரிமை இருக்கிற மாப்பிள்ளை என்று ஊரே பொறாமைப்படக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பிரான்ஸ் போனார். பாரிசில் குளிர் என்றார், பிறகு வேலைத் தொந்தரவு என்றார், பிறகு அவர் போன் நம்பர் மாறிவிட்டது. அவ்வளவுதான். மகள் கைக்குழந்தையோடு எங்களிடம் வந்துவிட்டாள். அழுது முடித்தபின் கம்ப்யூட்டரில் ஒரு படிப்புப் படிக்கிறேன் என்றாள்.

என்ன படிப்பு என்று கேட்டோம். மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அந்த மாதிரி எழுதுகிற படிப்பாம். மிக்ஸி மட்டுமில்லையாம். ரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷின், பேங்கில் பணம் அனுப்புகிற ஆப், எல்லாவற்றுக்கும் முதலில் இதை அமுக்கு, பிறகு அதை அமுக்கு என்று யாரோ ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டுமாம்.

எங்கள் வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார். “மிக்ஸி புக்கா? அத மடிச்சித்தான நம்ம மிக்ஸிக்கே முட்டுக் குடுத்து வச்சிருக்கேன், ஆடாம நிக்கட்டும்னு.”

“நீ படிக்கலன்றதுக்காக எழுதாம இருக்க முடியுமாப்பா?”

“எழுது, எழுது. இன்னும் கொஞ்சம் தடியா எழுதச் சொல்லு. கட்டிலு காலும் ஆடுது.”

கேலி செய்தாரே தவிர, அந்தப் படிப்புக்கு வேண்டிய கம்ப்யூட்டரை அவர்தான் போய் வாங்கி வந்தார்.

படித்து முடித்ததும் அவளுக்கு அந்த வட்டத்தின் பழக்கம் ஏற்பட்டது. புதுச்சேரியில் இந்தத் தொழில் செய்கிறவர்களும் படிக்கிறவர்களும் சேர்ந்து வைத்திருக்கிற வட்டம். கூடுவதற்கு இடமில்லை என்றார்கள். எங்கள் மாடியில் ஒரு கூடம் இருக்கிறது, மாலையில் செபமாலை சொல்ல மட்டும் பயன்படுகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுத்தால் என்ன என்றாள் மகள். மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று கொடுத்தோம்.

வட்டத்துக்குத் தலைவர் ஒரு சார். பெங்களூரில் பெரிய வேலையில் இருந்துவிட்டுக் கருவடிக்குப்பத்தில் அடுக்குமாடி வீடு வாங்கி வந்தவர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அடுத்தது பீச் பக்கத்துத் தெருவில் பழைய பெரிய வீட்டில் இருக்கிற ஒரு அம்மாள். மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சு பேசுகிற குடும்பம், அதனால் நாங்கள் எல்லாரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். யார் எதை எழுதினாலும் திருத்துகிற பொறுப்பு மதாமுடையது. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். இந்த இருவர்தான் தூண்கள்.

முதலில் அவர்கள் பேச ஆரம்பித்தது தங்களை என்னவென்று அழைப்பது என்பதைப் பற்றி. எழுத்தாளர் என்றால் கதை எழுதுகிறவர் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களாம். தொடர்பாளர் என்றால் போன் கம்பெனி ஆள் என்று நினைப்பார்களாம். மதாம் ஒரு பெயர் சொன்னார், அது என் வாயில் நுழையவே இல்லை. விபூதிப் புதனுக்கு முன்னாலே தொடங்கின பேச்சு, தவக்காலம் முழுக்க நடந்தது. ஈஸ்டர் வந்தது. ஆண்டவரே உயிர்த்தெழுந்துவிட்டார். இவர்களுக்குப் பெயர் கிடைத்தபாடில்லை.

மாடிப்படி விளக்கு விஷயத்தையும் சொல்ல வேண்டும். படிக்கட்டு விளக்குக்கு ஸ்விட்ச் கீழே, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. கூட்டம் முடிந்து இருட்டில் இறங்குகிறவர்கள் தடவுவார்கள். ஸ்விட்ச் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அறிவிப்புப் பலகை எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். இந்த அறிவிப்பு யாருக்காக, இதன் நோக்கம் என்ன, விளக்கைப் போடுமுன் கவனிக்க வேண்டியவை, போட்டபின் கவனிக்க வேண்டியவை என்று எழுதி, ஒவ்வொருவரும் படித்து, திருத்தி, மறுபடி எழுதி, மறுபடி படித்தார்கள். அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் சலித்துப்போய், ஒரு மத்தியானம் ஒயர் இழுத்து மேலேயே ஸ்விட்ச் போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு சார் அறிவிப்பை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். அழகான எழுத்து, சிவப்பு அம்புக்குறி எல்லாம் போட்டு. அம்புக்குறி கீழே செருப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

“சார், சுவிட்ச் இப்ப மேல வந்துட்டுது” என்றார் இவர்.

“பரவால்ல. இது முதல் பதிப்பு. அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். இப்போதைக்கு மாட்டிடலாம்.”

“இல்ல சார், நீங்க இவ்ளோ மெனக்கெட்டு எழுதியிருக்கீங்க. நான் வேணா சுவிட்ச கழட்டி பழையபடி கீழயே வச்சிடட்டா?”

சார் கண்ணை மூடி அதையும் யோசித்தார். நான் காபித் தம்ளரை எடுப்பதுபோல் உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். குழந்தைக்குக் கலர் பென்சில் வாங்கி வருவார்கள். மதாம் என் மகளுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே அச்சு. உலகத்தில் எது வேண்டுமானாலும் காத்திருக்கலாம், எழுதினதில் மட்டும் ஒரு பிழை இருக்கக் கூடாது.

அந்த வட்டம் மாதம் ஒரு செய்திமடல் நடத்தியது. கம்ப்யூட்டரிலேயே எல்லாருக்கும் போகிற இதழ். அதற்கு என் மகளை ஆசிரியர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. அனுபவம் கிடைக்கும், பெயர் தெரியவரும் என்றார் சார். ராத்திரி பகல் பாராமல் அவள் உட்கார்ந்து செய்வாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் பக்கம் சமூகச் செய்திகள். சார் ஏதோ ஒரு மாநாட்டில் பேசினார், படம். மதாம் வீட்டிலிருந்தபடியே ஒரு மாநாட்டில் கலந்துகொண்டார், படம். அந்தப் படத்தில் தபால்தலை மாதிரி கட்டம் கட்டமாக முகங்கள், எது மதாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் வேலையில் பதவிப் பெயர் மாறியது, வாழ்த்துகள். வேலை அதேதான். அடுத்த பக்கம் வளங்கள். அதில் ஒரு பட்டியல் இருக்கும். அதைத் தொட்டால் வேறொரு பட்டியல் திறக்கும். அதைத் தொட்டால் இன்னொன்று. வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போகலாம், கண்ணெரிச்சல்தான் மிச்சம். எல்லாவற்றுக்கும் கடைசியில், பொடி எழுத்தில், எங்கே வேலை காலி இருக்கிறது என்கிற செய்தி. நான் ஒருநாள் கேட்டேன், “ஏம்மா, வேலை தேடற புள்ளைங்களுக்கு முதல்ல வேண்டியது இதுதான? இத ஏன் கடேசில போடறீங்க?”

“அது எப்பவும் கடேசிலதாம்மா வரும். அப்படித்தான் அமைப்பு.”

இன்னொரு விதியும் இருந்தது. இதுதான் முக்கியம். எல்லாரும் படித்துச் சரி என்று சொல்லாமல் இதழ் வெளியே போகக் கூடாது. இதழ் வெளியே போகாமல் அதிலிருக்கிற எந்தச் செய்தியும் வெளியே போகக் கூடாது. ஒருத்தருக்கு முன்னாடி, ஒருத்தருக்குப் பின்னாடி என்றில்லாமல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டுமாம். ஆசிரியர் பொறுப்பு எடுக்கும்போது என் மகள் இதற்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று, ஞானோபதேச வகுப்பில் சொல்வதுபோல், சின்ன வயதிலிருந்து நானே அவளுக்கு அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

இப்படி இருக்கையில் பெங்களூரில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். குழந்தையை அழைத்துப்போக முடியாது. பேத்திக்கு அப்போது மூன்று வயது முடிந்து, ஜூனில் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டிய நேரம். அப்பா என்று ஒருவர் இருந்ததே அவளுக்குத் தெரியாது. இப்போது அம்மாவும் போனில் தெரிகிற முகமாக ஆகப்போகிறாள். வேலையில் சேர மகள் மாதக் கடைசி வரை தவணை கேட்டு வைத்தாள். பெட்டியை இறக்கித் துடைத்து, துணி அடுக்க ஆரம்பித்தாள். குழந்தை அந்தப் பெட்டிக்குள் தன் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். எடுத்து வெளியே வைத்தால், மறுபடி கொண்டுவந்து வைப்பாள். அன்றைக்குத்தான் நான் வில்லியனூருக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தேன்.

சில நாளில் ஒரு மெயில் வந்தது. சேதராப்பட்டில் சர்க்கரை அளவு பார்க்கிற மெஷின் செய்கிற தொழிற்சாலை ஒன்று. மெஷினோடு கொடுக்கிற புத்தகத்தை எழுத ஆள் வேண்டும், உங்கள் வட்டத்தில் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று செய்திமடலுக்கு எழுதியிருந்தார்கள். மகள் அடுப்படிக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாதா இவ்வளவு சீக்கிரமா கேட்டுவிட்டாள் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

“அப்ப இப்பவே எழுதிப் போடு.”

“இதழ் வரட்டும்மா.”

“இதழு எப்ப வரும்?”

“எல்லாம் ரெடி. புதன்கிழமைக்குள்ள வந்துடும். வந்த ஒடனே நானும் போட்டுடறேன்.”

“மெயிலு உனக்குத்தானடி வந்துது?”

“எனக்கு வர்ல. ஆசிரியருக்கு வந்துது. நான் முன்னாடியே பாத்துட்டேன்றதுக்காக முன்னாடியே போட்டா அது திருட்டு மாதிரிம்மா.”

நான் சொல்லிக்கொடுத்த பாடம், என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை சார் இதழைத் திருப்பி அனுப்பினார். அவர் படத்தில் பாதி முகம் நிழலாக இருக்கிறதாம், வேறு படம் அனுப்புகிறாராம். புதன்கிழமை மதாம் ஒரு கேள்வி எழுப்பினார். வேலைச் செய்தி என்பது சமூகச் செய்தியில் சேருமா, வளங்களில் சேருமா? இத்தனை நாளாக இரண்டிலும் சேராமல் கடைசியில் அநாதையாகக் கிடக்கிறதே, இது முறையா? சார் அதற்கு, வேலை என்பது ஒரு வளம் என்றார். மதாம், அது ஒரு சமூக நிகழ்வு என்றார். என் மகள், எங்கேயாவது ஒரு இடத்தில் போட்டு அனுப்பிவிடலாம், நாள் நெருங்குகிறது என்று எழுதினாள். இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் விட்டால் ஒவ்வொரு மாதமும் வரும் என்று இருவருமே பதில் எழுதினார்கள். அதில் மட்டும் ஒற்றுமை. இதற்கிடையில் சரி சொல்ல வேண்டிய இன்னொருவர் காரைக்காலில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் இருக்கிறேன், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவரிடமிருந்து வந்தது.

வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மகள் குளிக்கப் போன நேரம், அவள் போனை எடுத்து சாருக்கு நானே பேசினேன்.

“சார், நான் அம்மா பேசறேன். அந்த சேதராப்பட்டு வேலைக்கி நாளைக்கித்தான் கடேசி நாளாமே?”

“ஆமாம்மா, பாத்தேன். நல்ல வாய்ப்பு.”

“இதழ அனுப்பிடுங்களேன் சார். இல்லன்னா எல்லாருக்கும் போன்லயாவது சொல்லிடுங்க. எம்பொண்ணுக்குன்னு கேக்கல, எல்லாருக்கும்தான்.”

“அம்மா, நீங்க கவலப்படறது புரியுது. ஆனா ஒரு விஷயம். வேற சங்கம்னா அவசரத்துல எப்படி வேணா அனுப்பலாம். நாம தெளிவா சொல்றதுக்குன்னே இருக்கறவங்க. நாமளே அரைகொறையா அனுப்பினா ஜனங்க என்ன நெனப்பாங்க?”

“நேரத்துக்கு வந்துதுன்னு நெனப்பாங்க சார்.”

அந்தப் பக்கம் வழக்கம்போல் கண்ணை மூடியிருப்பார்.

“தரம்னு ஒண்ணு இருக்கில்லம்மா” என்றார்.

குளித்துவிட்டு வந்த மகளுக்கு விஷயம் தெரிந்து என்னோடு ஒரு வேளை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை முழுக்க எழுதி முடித்து, கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு விரலால் அமுக்கினால் போய்விடும். இதழுக்குச் சரி என்ற பதிலுக்காகக் காத்திருந்தாள். கல்யாணத்துக்காரர் சரி என்றுவிட்டார். சார் சரி என்றுவிட்டார். மதாம் மட்டும் இன்னும் ஒரு தடவை முழுக்கப் படிக்கிறேன் என்றார். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். சாயங்காலம் கோயில் மணி அடித்தது. அவள் எழுந்து கம்ப்யூட்டரை மூடினாள். பெட்டியைத் திறந்து மீதித் துணியை அடுக்கினாள். நான் மாதா படத்துக்கு எதிரில் போய் நின்றேன். அன்றைக்கு நான் சொன்னதைச் செபம் என்று சொல்ல முடியாது. சண்டை.

திங்கட்கிழமை இதழ் வந்தது. சார் முகம் முழுதாகத் தெரிந்தது. வேலைச் செய்திக்கென்று தனிப் பக்கமே போட்டு, அழகாகக் கட்டம் கட்டி, நடுவில் எழுதியிருந்தது: கடைசி நாள், வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை முடிந்து சனியும் ஞாயிறும் முடிந்திருந்தது. படித்தவர்கள் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, ஒரு பிழைகூட இல்லை, மதாமுக்குப் பாராட்டுகள் என்று வாழ்த்தாக வந்து குவிந்தது.

அந்தச் சனிக்கிழமை கூட்டம். பிழையே இல்லாமல் வந்த முதல் இதழ் அது என்று கேக் கொண்டுவந்தார்கள். கேக்கின் மேல் அதையே எழுதியும் இருந்தது. என் மகளுக்கு அதுதான் கடைசிக் கூட்டம், மறுவாரம் பெங்களூர். அவளையே கேக் வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். பேத்திக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு படியேறி வந்தபோது மகளின் போன் அடித்தது. உள்ளே சத்தமாக இருந்ததால் அவள் படிக்கட்டுக்கு வந்து பேசினாள். நான் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். எதிர்முனையில் பேசியவர் குரல் எனக்கே கேட்டது. தொழிற்சாலையிலிருந்து.

“நீங்கதான இதழுக்கு ஆசிரியர்? இன்னாம்மா, வெளையாடறீங்களா? ஆளு வேணும்னு சொல்லி அனுப்புனா ஒருத்தர்கூட எழுதல. சரி, புதுச்சேரில எல்லாரும் வசதியா இருக்காங்கபோலன்னு நெனச்சேன். இன்னிக்கித்தான் உங்க இதழத் தொறந்து பாக்கறேன். நாள் முடிஞ்சப்புறம் போட்டிருக்கீங்க! கட்டம் வேற கட்டி!”

“மன்னிச்சிடுங்க சார். தப்புத்தான்.”

“தப்புன்னா? நாங்க ஆளுக்கு எங்க போறது?”

அவள், “சார், இப்ப இதழ் எல்லாருக்கும் போயிடுச்சி. எல்லாருக்கும் தெரியும். நீங்க கடேசி நாள நீட்டினீங்கன்னா எழுதுவாங்க. நானும் எழுதுவேன். எனக்கு வேலை வேணும் சார்” என்றாள்.

அவர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள வந்தா பாக்கறேன். எல்லாருக்கும் சொல்லிடு” என்றார்.

என் மகளை நான் அப்போதுதான் முழுக்கப் பார்த்தேன் என்று சொல்வேன். அவள் நேரே மாடியிலிருந்து இறங்கி ஓடி, விரலால் அமுக்கி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. கூடத்துக்குள் போய், எல்லாரும் கேட்கிற மாதிரி, “சேதராப்பட்டு வேலைக்கு இன்னிக்கிச் சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுத்திருக்காங்க. வேணும்னா இப்பவே எழுதுங்க. நானும் எழுதப்போறேன்” என்றாள்.

கூடத்தில் வேலை இல்லாத பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். ஒருவர் எழுந்திருப்பார் என்று நினைத்தேன். முதலில் எழுந்தது சார்.

“ரொம்ப முக்கியமான செய்தி. இத நாம முறையா தெரியப்படுத்தணும். போன இதழ்ல வந்த தேதிக்குத் திருத்தம் போடணும்.”

“திருத்தம்னு போட்டா, நாம தப்பு பண்ணினதா ஆயிடாதா?” என்றார் மதாம். “தேதி நம்ம தப்பு இல்லையே. அவங்கதான மாத்தறாங்க. அதனால ‘கூடுதல் தகவல்’னு போடலாம்.”

“கூடுதல் தகவல்னா சமூகச் செய்திலயா, வளங்கள்லயா?” என்று ஒரு பிள்ளை கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. கையில் பேனாவோடு கேட்டான்.

அவ்வளவுதான். எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் மகள் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள். கீழே வந்தபோது கம்ப்யூட்டர் எதிரில் நின்றபடியே அனுப்பி முடித்திருந்தாள். மேலே பேச்சு இருட்டும்வரை நடந்தது.

அந்த வேலைக்கு எழுதியது அவள் ஒருத்திதான். அதற்காகச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கூப்பிட்டுப் பேசினார்கள், அந்த மெஷினைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னார்கள், மறுபடி ஒருதரம் கூப்பிட்டார்கள். பெங்களூருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை எங்கள் வீட்டுக்காரர்தான் போய் ரத்து செய்துவிட்டு வந்தார். வரும்போது பேத்திக்குப் பள்ளிக்கூடப் பை. இன்றைக்கும் என் மகள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறாள்.

இவர் சொல்கிறார், “அது மாதா செஞ்சது இல்லடி. அந்த வட்டம் செஞ்சது. நேரத்துக்கு இதழு வந்திருந்தா எத்தினி பேரு எழுதியிருப்பான்? இவளுக்குக் கெடச்சிருக்குமா?”

நான் சொல்கிறேன், அந்த வட்டத்தையே வைத்து ஒரு நல்ல காரியம் நடத்திக்காட்ட மாதாவால் மட்டும்தான் முடியும். அற்புதம் என்றால் இதைவிட என்ன வேண்டும்?

வட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்களா? அடுத்த இதழில் முதல் பக்கத்தில் என் மகள் படம் போட்டு, ‘நமது செய்திமடலால் வேலை பெற்றார்’ என்று எழுதினார்கள். பொய் என்று சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பெருமையில் சார் எனக்கும் சொல்லி அனுப்பினார். அம்மா ஏதோ சாட்சி எழுதப்போகிறார்களாமே, வெற்றிக் கதை என்று இதழிலேயே போட்டுவிடலாம், எழுதின வரைக்கும் கொடுங்கள், கொஞ்சம் சீர் பண்ணித் தருகிறோம் என்று. வீட்டுக்கு வந்து போகிறவர் கேட்கிறாரே என்று, அப்போது எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். ஊர்ப்பட்ட நாள் கழித்துத் திரும்பி வந்தது. மாதா என்று நான் எழுதின இடத்திலெல்லாம் ‘சாதகமான சூழல்’ என்று இருந்தது. வில்லியனூர் போனேன் என்பது ‘முன்தயாரிப்பு’ ஆகிவிட்டது. குழந்தை பெட்டியில் செருப்பை வைத்தாள் என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில், இது வாசகருக்கு எப்படிப் பயன்படும் என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பட்டியல்: வேலை தேடுவோர் பின்பற்ற வேண்டிய படிகள். முதல் படி, செய்திமடலைத் தவறாமல் படியுங்கள்.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். கோபம் ஆறி, பேனாவைத் தொட இத்தனை வருஷம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தப் படிப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்கிறேன். வட்டத்தில் சேருங்கள், நல்லது கற்றுக்கொள்ளுங்கள், மதாம் மாதிரி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒரு இடத்தில் வேலை காலி என்று உங்களுக்குத் தெரிந்தால், அது செய்தியா வளமா என்று பார்க்காதீர்கள். தெரிந்த அன்றைக்கே, எதிரில் வருகிறவரிடம், வாயால் சொல்லிவிடுங்கள். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மாதாவுக்குத் தோத்திரம். படித்தவர்கள் இதை அடுத்தவருக்குக் கொடுங்கள். பிழைகள் இருக்கும், எனக்கே தெரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் இதைச் சீர் பண்ண வேண்டாம், கட்டம் கட்ட வேண்டாம், படிகளாகப் பிரிக்க வேண்டாம். முக்கியமாக, யாரிடமும் கொடுத்துச் சரி வாங்க வேண்டாம். இருக்கிறபடியே கொடுங்கள், இன்றைக்கே கொடுங்கள்.